நாவின் முடிச்சு அவிழட்டும்

 

செவிலியர் பட்டம் பெற்று வளைகுடா நாட்டு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றும் சகோதரி ஒருவர், மனம் நொந்து நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சுப் பிரிவில் 7 தரப்புள்ளிகள் தேவை. அவருக்குக் கிடைத்ததோ ஆறரை! வாசித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றிலும் தேறியவர், தேர்வாளரின் முன் அமர்ந்ததும் நா எழாமல் திகைத்துவிட்டாராம். சிறுவயதில் வீட்டில் ஆங்கிலம் பேச முயன்றபோதெல்லாம் அண்ணன்மார் நகைத்ததால், பேசும் பழக்கமே தமக்கு ஏற்படவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

சகோதரியே, கலங்காதீர்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு ஏவப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள், தம் நெஞ்சை விரிவாக்கும்படியும் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் இறைவனிடம் இறைஞ்சியதைத் திருமறையின் தாஹா அத்தியாயம் கூறுகிறது. தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்கு வேண்டினார்கள். துஆவோடு துணையையும் தேடிக்கொண்ட இந்த வழிமுறையில் நமக்குப் படிப்பினை உண்டு.

இனித் தேர்வைப் பார்ப்போம். 11 முதல் 14 நிமிடங்களே நடைபெறும் உரையாடல் இது. முதற்பகுதியில் ஊர், குடும்பம், தொழில் பற்றிய எளிய வினாக்கள் வரும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையில் தலைப்புத் தருவார்கள். ஒரு நிமிடம் குறிப்பெடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடங்கள் வரை தனித்துப் பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அத்தலைப்பை ஒட்டிய கருத்தாடல் நடைபெறும். தடையற்ற தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம அளவில் மதிப்பிடப்படும். உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்குப் புள்ளி இல்லை. ஆங்கிலேயரைப் போல் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்பவருக்குத் தெளிவாக விளங்கினால் போதும். மனப்பாடம் செய்த விடைகளைத் தேர்வாளர் எளிதில் இனங்கண்டுகொள்வார். எனவே அவற்றை நம்பாதீர்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஓர் அருட்கொடை முன்பே வாய்த்திருக்கிறது. தஜ்வீது முறைப்படி ஓதக் கற்ற பிள்ளை, ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடத்தை அறியும். 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று ஒலிப்பவர் 'ஃபா' எழுத்தை நினைவுகூரட்டும்: மேற்பற்களின் நுனி கீழுதட்டைத் தொட வேண்டும். 'ஜகாத்'தின் முதலொலியே 'ஜீரோ'வின் முதலொலியும். உஸ்தாதிடம் கற்ற அப்பயிற்சியை ஆங்கிலத்திற்கும் சற்றே திருப்பிவிடுங்கள்.

நாள்தோறும் மக்ரிபுக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அன்று கண்ட ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஒரு நிமிடம் சிந்தித்து, இரண்டு நிமிடங்கள் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பின்னர் அதைக் கேட்டு, தயங்கி நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டு, அதே தலைப்பில் மீண்டும் பேசுங்கள். சொல் கிடைக்காதபோது மௌனம் வேண்டாம். அப்பொருளை வேறு சொற்களால் விளக்குங்கள். அதுவும் ஒரு திறமையே. தவறு நேர்ந்தால் உடனே திருத்திக்கொண்டு மேலே செல்லுங்கள். வாரம் இருமுறையேனும், அக்காளோ தங்கையோ தோழியோ, ஒருவரை எதிரில் அமர்த்தி வினாத் தொடுக்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் மூத்தோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் பொருளை வாரி வழங்குகிறீர்கள். ஆனால் பிழையாகப் பேசும் பிள்ளையைக் கண்டு நகைக்கும் ஒரு சிரிப்பு, அத்தனையையும் வீணாக்கிவிடக்கூடும். ஓதக் கற்கும் குழந்தை திக்கும்போது நாம் சிரிப்பதில்லை, பொறுமையுடன் திருத்துகிறோம். அந்தப் பொறுமையை இதற்கும் வழங்கலாகாதா?

அச்சகோதரி மீண்டும் தேர்வு எழுதவிருக்கிறார். இம்முறை அவருடைய அண்ணன்மாரே எதிரில் அமர்ந்து வினாத் தொடுக்கட்டும். இன்ஷா அல்லாஹ், வெற்றிச் செய்தியோடு அவர் மீண்டும் நமக்கு எழுதுவார்.