புது முகத்தின் மேல் விழும் பழி

தெருவில் அறிமுகமில்லாத ஒருவர் நடந்துபோனால் படம் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போடுவதுதான் அக்கம்பக்கக் காவல் என்று ஆகிவிட்டது. குற்றம் வெளியிலிருந்து வருகிறது, நமக்குத் தெரிந்தவர்கள் நல்லவர்கள், எனவே புது ஆள் நடமாட்டத்தைக் கவனித்தால் போதும் என்று நம்புகிறோம். அடுக்குமாடி அசோசியேஷன் முதல் கிராமத்து இளைஞர்கள் வரை இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்கிறேன். ஏனென்றால் இந்த நம்பிக்கை ஆட்களைக் கொன்றிருக்கிறது.

2018 மே மாதம். வடக்கிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்து இறங்கிவிட்டதாகக் கைபேசிக்குக் கைபேசி செய்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழி விசாரித்தது. அவர்களில் 65 வயது அம்மாள் ஒருவர் அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காகக் கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிர் போனது. உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே மாதம் பழவேற்காட்டில், யாரென்று தெரியாத ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் பரவிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு உண்மைக் கடத்தல் என்று அனுப்பினார்கள். போளூரில் அடித்தவர்களுக்கு முன்பகையோ வரப்புத் தகராறோ காரணமில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

இரண்டே மாதம் கழித்து, ஜூலையில், சென்னை அயனாவரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வெளியே வந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். காது கேளாத 11 வயதுச் சிறுமி மாதக்கணக்கில் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தாள். கைதான 17 பேரில் காவலாளியும் இருந்தார், லிஃப்ட் இயக்குபவரும் இருந்தார், பிளம்பரும் இருந்தார். 2020இல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. மதில் சுவர் இருந்தது, கேட் இருந்தது, கேட்டில் ஆள் இருந்தார். குற்றமும் உள்ளேயே இருந்தது. தினமும் வணக்கம் சொல்கிற முகங்கள் என்பதால் யாரும் அவர்களைச் சந்தேகிக்கவில்லை.

இது ஒரு குடியிருப்பின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுத்தவர். நம் குரூப்பில் இவர்களுடைய படம் வருவதே இல்லை.

பக்கத்து வீட்டில் இரவில் ஒரு பெண் அலறுகிறாள். சுவர் வழியாக நமக்குக் கேட்கிறது. டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு, 'அது அவங்க குடும்ப விஷயம்' என்கிறோம். மறுநாள் காலையில் பழைய இரும்பு வாங்க வந்தவரைப் படம் எடுத்துப் போட்டு 'உஷார்' என்கிறோம். சட்டம் இப்படிப் பார்க்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு போட முடியாது. குழந்தைமீதான பாலியல் குற்றம் என்றால் 'சொல்லலாம்' என்பதே கிடையாது, சொல்லியாக வேண்டும். போக்சோ சட்டத்தில், தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதற்கு ஆறு மாதம்வரை சிறை உண்டு.

பூட்டிய வீட்டில் கொள்ளை போவதில்லையா, சங்கிலி பறிப்பு இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. வெளியூர் போகிறவர் பக்கத்து வீட்டிலும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போவது நல்ல வழக்கம்தான். ஆனால் சந்தேகம் வந்தால் 100க்கோ 112க்கோ அழைப்பதோடு நம் அதிகாரம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கடுமையான குற்றத்தைக் கண்முன்னே செய்தவரைப் பிடித்து வைக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அடிக்க உரிமை ஒருவருக்கும் இல்லை.

'ஸ்டேஷனுக்குப் போனா நம்மையே அலைக்கழிப்பாங்க' என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாத்தான்குளத்தில் 2020இல் அப்பாவும் மகனும் காவலில் செத்ததைப் பார்த்த மாநிலம் இது. ஆனால் அந்தப் பயத்துக்காகத்தான் அக்கம்பக்கத்தார் ஒன்றுசேர வேண்டும். தனியாகப் போகிற பெண்ணை 'சமாதானமா போம்மா' என்று திருப்பி அனுப்புவது எளிது. உடன் நான்கு பேர் போய், புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு நின்றால் அவ்வளவு எளிதில்லை.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் இன்னும் இரண்டு கேமரா வாங்குவதைப் பேசுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்: பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்களை லிஃப்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுவது யார், இரவில் அலறல் கேட்டால் அந்தக் கதவைத் தட்டப்போகிறவர்கள் யார், மறுநாள் அந்தப் பெண்ணோடு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் யார்.