பயிற்சிப் பட்டியலில் கார்புரேட்டரையும் சேருங்கள்

பஞ்சகவ்யம், அமிர்தக்கரைசல், மீன் அமிலம் என்று நம் கூட்டங்களில் பயிற்சிக்குக் குறைவே இல்லை. கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. சிரிக்காதீங்க. களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு, ஆள் கிடைக்காத சேலம், நாமக்கல் பக்கம் பவர் வீடர்தான் கை. குச்சிக்கிழங்கு நட்டு முதல் 3 மாதம் களையை விட்டால் விளைச்சல் போச்சு. அந்த நேரம் பார்த்து வீடர் கிளம்பாமல் தோள் கழலும்வரை கயிறு இழுத்தால், பக்கத்துக் காட்டுக்காரர் களைக்கொல்லி டப்பாவை நீட்டுவார். கை நீட்டி வாங்கிய இயற்கை விவசாயிகளை எனக்குத் தெரியும்.

பழைய டிராக்டருக்கு இந்தக் கவலை இல்லை. நம் ஊர் டிராக்டர் டீசலில் ஓடுவது, அதில் கார்புரேட்டர் கிடையாது. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லிலும் ரிக் வண்டி நிறைந்த திருச்செங்கோட்டிலும் டீசல் பம்பு, நாசில் பார்க்க ஆள் உண்டு. பெட்ரோல் வீடருக்குத்தான் நாதியில்லை.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். சீசன் முடிந்து அப்படியே ஓரங்கட்டினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றிப் பிசினாகும், ஜெட் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் குழாயை மூடி, அடிப் போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். மிதவையை எடுத்து, ஊசி வால்வு தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஜெட்டைக் கழற்றிக் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரியணும். இரும்புக் கம்பியை மட்டும் விடவே கூடாது. துளை பெரிதானால் கரும்புகையோடு பெட்ரோலைக் குடிக்கும். கேஸ்கெட் நைந்திருந்தால் புதிது போடுங்கள். பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலைதான்.

வேலை முடிந்து நிறுத்தும்போது சாவியைத் திருப்பாதீர்கள். குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்தாலே போதும் என்பேன்.

வங்கியில் இயந்திரக் கடன் விண்ணப்பத்தில் விலைப்புள்ளி கேட்போம், காப்பீடு கேட்போம். பழுதானால் யார் பார்ப்பது என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. மானியத்தில் சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம்வரை கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் கொட்டகையில் தூங்கும் வீடருக்கும் தவணை ஓடுமே!

அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பாத வீடர் ஒன்றைத் தூக்கி வாருங்கள். ஸ்பேனர் செட் என்னிடம் இருக்கிறது.