கௌரவம் என்று சொன்னது யார்?

அர்ஜென்டினாவின் சால்டா நகர அருங்காட்சியகத்தில் 3 குழந்தைகளின் உடல்கள் இருக்கின்றன. 1999-ல் யூயையாக்கோ எரிமலையின் உச்சியில், 6,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கண்டெடுக்கப்பட்டவை. சுமார் 500 ஆண்டுகளாகக் கடுங்குளிர் அவற்றைக் கெடாமல் காத்திருக்கிறது. மூத்த சிறுமிக்கு 13 வயது இருக்கும். மற்ற இருவரும் 4, 5 வதுக் குழந்தைகள். இன்கா பேரரசின் 'கபகோச்சா' சடங்கில் பலியிடப்பட்டவர்கள்.

உடன் புதைத்த பொன், வெள்ளிச் சிற்றுருவங்களின் வேலைப்பாட்டைக் கலை வரலாறு வியக்கிறது. வியக்க வேண்டியவைதான். ஆனால் அந்த வியப்போடு, 'பலியாவது அவர்களுக்குப் பெரும் கௌரவம்' என்ற வாக்கியமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. யாருடைய வாக்கியம் அது?

அந்தச் சிறுமியின் தலைமுடி வேறு கதை சொல்கிறது. சாவதற்கு ஓராண்டு முன்புவரை அவள் உண்டது எளிய குடியானவர் உணவு. பிறகு திடீரென மக்காச்சோளமும் இறைச்சியும் வருகின்றன. கோகா இலையின் அளவு ஏறுகிறது. கடைசி வாரங்களில் மது உச்சத்தைத் தொடுகிறது. கோகாவும் சோள மதுவும் ஆண்டீஸ் மக்களுக்குப் புனிதமானவை, உண்மைதான். ஆனால் சிறு குழந்தைகள் இருவரின் முடியில் இந்த அளவு குறைவு. நடக்கப்போவதைப் புரிந்துகொள்ளும் வயதில் இருந்தவளுக்குத்தான் அதிகம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கௌரவம் கிடைத்தவர்களும் உண்டு. தாந்தா கார்வா என்ற 10 வயதுச் சிறுமியின் கதையை ஒரு ஸ்பானியப் பாதிரியார் 1620-களில் பதிவு செய்தார். மகளைப் பலிக்குத் தந்த தகப்பன் காக்கே போமாவுக்கு ஊர்த் தலைமைப் பதவி கிடைத்தது. வாரிசுகளுக்கும் அது தொடர்ந்தது. மகளுக்கு மிஞ்சியது மலையில் ஒரு குழி.

இதைச் சொன்னவுடன் 'காட்டுமிராண்டிகள்' என்று ஸ்பானியர் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. பலியைக் காட்டி அந்த மக்களின் வழிபாட்டையே அழித்தவர்கள், அதே மக்களைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்தில் கட்டாய உழைப்பில் சாகவிட்டார்கள். அதுவும் பலிதான்.

குழந்தைகளை மலையிலிருந்து எடுத்ததையும் காட்சிக்கு வைத்ததையும் பூர்வகுடி அமைப்புகள் எதிர்த்தன. அந்தக் குரலைக் கேட்க வேண்டும். அதோடு, எந்தச் சடங்கையும் கும்பிடுவதற்கு முன்போ பழிப்பதற்கு முன்போ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கொடுத்தது யார் வீட்டுப் பிள்ளையை, பலன் போனது யார் வீட்டுக்கு?