மேற்கோள் கணக்கு மட்டும் போதாது

உயிர்மருத்துவ ஆய்வாளர் ஒருவருக்கு நிரந்தரப் பணியும் அடுத்த மானியமும் கிடைக்குமா என்பதை உலகெங்கும் இன்று சில எண்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அவர் எத்தனை கட்டுரை வெளியிட்டார், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினர், அவை வெளிவந்த ஆய்விதழ்களின் தாக்கக் காரணி என்ன என்று கேட்கிறார்கள். இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த எச்-குறியீடும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. தலா 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் குறியீடு 20. தாக்கக் காரணி ஆய்வாளரைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது என்பதே அது.

சிங்கப்பூர் 2000-ஆம் ஆண்டு உயிர்மருத்துவத் துறையை வளர்க்கத் திட்டமிட்டது. 2003-ல் புவன விஸ்தா அருகே பயோபோலிஸ் ஆய்வு வளாகம் எழுந்தது. 2021 முதல் 2025 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்துக்கு அரசு அறிவித்த தொகை 25 பில்லியன் வெள்ளி. மக்கள் பணம் இவ்வளவு செல்லும் இடத்தில், நல்ல ஆய்வாளரை எப்படி அடையாளம் காண்பது என்பது பல்கலைக்கழகங்களின் உள்விவகாரமாக இருக்க முடியாது.

இந்த எண்கள் எதை விட்டுவிடுகின்றன என்பதை அறிய லிட்டில் இந்தியாவிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தொலைவிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனை, போருக்குப் பின் பல ஆண்டுகள் காசநோயாளிகளின் புகலிடமாக இருந்தது. சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் 1970-களில் ஒரு சோதனை நடத்தின. நோயாளிகளுக்கு முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய நான்கு மருந்துகளும் தினமும் தரப்பட்டன. பிறகு மருந்துகளைக் குறைத்து, சிலருக்கு நான்கு மாதத்தில் சிகிச்சையை முடித்தார்கள், மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில். நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. ஆறு மாதம் உட்கொண்டவர்களிடம் மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்க அடித்தளமிட்ட ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

அந்தச் சோதனை பற்றி 1979-ல் வந்த கட்டுரையில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவ்விரு அமைப்புகளின் பெயரே இருக்கிறது. அதற்கு உழைத்த மருத்துவர், தாதியர், ஆய்வுக்கூடப் பணியாளர் எவருடைய எச்-குறியீட்டிலும் அது ஏறாது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் கதையும் இதுதான். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் பாதிப்பேருக்கு வீட்டிலும் மீதிப்பேருக்குச் சானடோரியத்திலும் அது மருந்து தந்தது. வீட்டுச் சிகிச்சையும் நிகரான பலன் தரும், உடன் வசிப்போருக்கு ஆபத்து அதிகரிக்காது என்று 1959-ல் அது காட்டிய பிறகே படுக்கைகளுக்காகக் காத்திருக்கும் முறை உலகில் தளர்ந்தது. அந்தக் கட்டுரையும் மையத்தின் பெயரில்தான் வெளிவந்தது. இன்றைய தேர்வுக்குழுவின் முன் அந்த ஆய்வாளர்கள் நின்றால் எதைக் காட்டுவார்கள்?

உள்ளூர் நோய்களை ஆராய்வோருக்கும் இதே இழப்பு. 2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சீனர்களிடம் அது 9.7 விழுக்காடு. தேக்கா சந்தைக்கு வரும் முதியவரின் உணவிலும் மருந்துப் பழக்கத்திலும் எதை மாற்றலாம் என்று சொல்லும் ஆய்வை எடுத்தாள உலகில் சிலரே இருப்பார்கள். அதனால் அதன் பயன் குறைந்துவிடாது.

எண்ணிக்கையைத் துரத்துவதில் வேறு ஆபத்தும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தன்னிடம் முன்பு பணியாற்றிய நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஒருவரின் 21 கட்டுரைகளில் புனைவு, திரிப்பு, பிறர் எழுத்தைத் திருடுதல் ஆகியவை இருந்ததாக 2012-ல் அறிவித்தது. நேர்மை தவறுவதற்குத் தனிமனிதரே பொறுப்பு. ஆனாலும் நீண்ட கட்டுரைப் பட்டியலைப் பார்த்தே மதிப்பளிக்கும் வழக்கம் இத்தகையவர்களை நெடுநாள் மறைத்து வைக்கிறது. ஆய்வு நேர்மை குறித்து 2010-ல் இந்நகரின் பெயராலேயே உலகுக்கு ஓர் அறிக்கை வெளியானது என்பதால் சிங்கப்பூருக்கு இதில் கூடுதல் கடமை உண்டு.

எண்களைக் கைவிட்டால் வேண்டியவருக்குச் சலுகை என்று ஆகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய நாட்டில் வெளியிலிருந்து வரும் எண் பாரபட்சமற்றதாகத் தோன்றும். அதற்கு மருந்து வெளிநாட்டு மதிப்பீட்டாளர்களைக் கட்டுரைகளையே படிக்கச் சொல்வது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் தாக்கக் காரணியைப் பார்ப்பதில்லை என்று 2021-ல் முடிவெடுத்தது.

இங்குள்ள பல்கலைக்கழகங்களும் மானியம் வழங்கும் அமைப்புகளும் அதைச் செய்யலாம். விண்ணப்பிப்பவர் தமது ஐந்து ஆய்வுகளை மட்டும் தந்து, ஒவ்வொன்றிலும் தம் பங்கு என்ன, அதனால் நோயாளிகளுக்கோ துறைக்கோ என்ன மாறியது என்று எழுதட்டும். குழுவினர் அவற்றை முழுமையாகப் படித்து, காரணத்தோடு முடிவு எழுத வேண்டும். கூட்டுச் சோதனைகளில் உழைத்த தாதியருக்கும் புள்ளியியலாளருக்கும் அந்த உழைப்பு பணிப்பதிவில் ஏற வேண்டும். தம் கட்டுரையில் பிழை கண்டு தாமே திருத்தியவருக்கு அது குறையாகக் கணக்கிடப்படக் கூடாது.