வரைபடக் கோப்பும் வன உரிமையும்: கணினித் திரையில் நடக்கும் வெளியேற்றம்

2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை ஆதிவாசி மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச்செய்து நிராகரிக்கப்பட்டோர் அனைவரையும் காட்டிலிருந்து வெளியேற்றுமாறு மாநில அரசுகளைப் பணித்தது அவ்வாணை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களின் தலைவிதி அதில் அடங்கியிருந்தது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைக் காக்க வேண்டிய ஒன்றிய அரசு, நீதிமன்றத்தில் அதற்காக வாதாடத் தவறியது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்ட பிறகே, அதுவும் தேர்தல் நெருங்கிவிட்ட வேளையில், அது நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. பிப்ரவரி 28 அன்று வெளியேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது.

அதே ஆணையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் இருந்தது. இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே அளவாய்வு நடத்தி, ஆக்கிரமிப்புகளின் நிலையை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பதே அது. வெளியேற்றம் நின்றது, ஆனால் ஆதிவாசியின் உரிமையை வானத்திலிருந்து எடுத்த படத்தையும் கணினியில் ஏற்றிய கோப்பையும் கொண்டு அளந்துவிடலாம் என்ற எண்ணம் நிற்கவில்லை. அன்று முதல் இன்று வரை அது அலுவலகங்களில் வலுப்பெற்றே வருகிறது. “கணினி காட்டுகிறது” என்ற சொற்றொடருக்கு முன்னால் படிப்பறிவற்ற முதியவர் என்ன வாதாட முடியும்? ஆகவே, கணினி எதைக் காட்டுகிறது, எப்படிக் காட்டுகிறது என்பதை உழைக்கும் மக்களின் இயக்கம் அறிந்திருப்பது இன்றைய தேவையாகிறது.

கோப்புக்குள் இருப்பது என்ன?

நிலவியல் தரவுகளை வரைபட மென்பொருளில் ஏற்றுவதற்கு நம் அரசு அலுவலகங்களில் மிகுதியும் பயன்படுவது ஷேப்ஃபைல் எனப்படும் கோப்பு. அமெரிக்காவின் எஸ்ரி நிறுவனம் 1990களில் பரப்பிய வடிவம் இது. பெயர்தான் ஒன்று, உண்மையில் இது பல கோப்புகளின் தொகுதி. எஸ்எச்பி என்ற கோப்பில் நிலத்தின் எல்லைக்கோடு இருக்கும். டிபிஎஃப் என்ற கோப்பில் அந்நிலத்தைப் பற்றிய அட்டவணை இருக்கும். எஸ்எச்எக்ஸ், எஸ்எச்பி கோப்பில் ஒவ்வொரு வடிவமும் எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டி. பிஆர்ஜே என்ற சிறு கோப்பு, கோட்டிலுள்ள எண்கள் எந்த அளவை முறையில் எழுதப்பட்டவை என்பதைச் சொல்லும்.

இந்தக் கடைசிக் கோப்பு தொலைந்துபோவது அன்றாட நிகழ்ச்சி. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பும்போது எஸ்எச்பி வந்துசேரும், பிஆர்ஜே வராது. மென்பொருள் அப்போது வேலையை நிறுத்திவிடுவதில்லை. அளவை முறை எது என்று ஏற்றுபவரைக் கேட்கும். அல்லது தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும். பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் கோடு திரையில் தோன்றிவிடும். தவறான இடத்தில் தோன்றினாலும் அழகாகவே தோன்றும். பிழை என்று எந்த மணியும் அடிக்காது.

நூறு மீட்டர் நகர்ந்தால்

இது கணினிப் பொறியாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் நுணுக்கம் என்று கருதுவோர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவாய்வு, கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரை வீழ்த்திய மூன்றே ஆண்டுகளில் தொடங்கப்பட்டது. வென்ற நிலத்தை அளந்து வரி விதிக்கவும் படை நடத்தவும் வரைபடம் தேவைப்பட்டது. அந்த மரபில் பிறந்ததே எவரெஸ்ட் 1830 என்னும் பூமி வடிவக் கணக்கு. இந்தியாவின் பழைய நிலவரைத் தாள்கள் அதன் அடிப்படையில் அமைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் கருவியோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கில் இயங்குகிறது. ஒன்றில் அமைந்த எண்களை மாற்றாமல் மற்றொன்றாகக் கொண்டு ஏற்றினால், இந்தியாவின் பல பகுதிகளில் எல்லைக்கோடு நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும்.

வன உரிமைச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு அங்கீகரிக்கும் நிலத்தின் உச்ச அளவு 4 ஹெக்டேர். சதுரமாக வைத்துப் பார்த்தால் பக்கத்துக்கு 200 மீட்டர். ஒரு ஹெக்டேருக்கும் குறைவாகவே பெறுவோர் ஏராளம். ஒரு ஹெக்டேரின் பக்கம் 100 மீட்டர். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த வன எல்லை நூறு மீட்டர் நகர்ந்தால், விளிம்பில் உள்ள அந்த நிலம் முழுவதுமாக எல்லைக்கு மறுபுறம் போய்விடும். மூன்று தலைமுறை உழுத வயல் திரையில் அடர்காட்டின்மேல் நிற்கும். அந்தக் காட்டைக் காட்டி அலுவலர் “இங்கே சாகுபடியே இல்லை” என்று எழுதுவார். உழவர் பொய்யர் ஆவார், கோப்பு மெய்யாகும்.

பிஆர்ஜே சரியாக இருந்தாலும் சிக்கல் தீராது. 1:50,000 அளவிலான தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். அத்தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனில் மைக்கோடாக இருந்த வன எல்லை, தரையில் 25 மீட்டர் அகலப் பட்டை. அதைக் கணினியில் தடம் பிடித்து எண்களாக்கியதும், தடிமனே இல்லாத கூர்மையான கோடாகிவிடுகிறது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் மங்காத அந்தக் கூர்மை, தாளில் ஒருபோதும் இல்லாதது. மூலத்தில் இருந்த ஐயத்தைக் கோப்பு அழித்துவிடுகிறது. ஐயத்தின் பயனை மக்களுக்குத் தராமல் வனத்துறைக்குத் தருகிறது.

கேள்விக்குறியான ஊர்கள்

எல்லைக்கோட்டுக்கு நேர்ந்த கதி பெயர்களுக்கும் நேர்கிறது. டிபிஎஃப் அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட் இடமே உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ், தேவநாகரி, ஒடியா முதலிய எழுத்துகளின் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். ஆக, ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்கு இருக்கும் இடத்தில் நம் மொழிகளுக்கு மூன்று குறிகளே கிடைக்கின்றன. “கிராமம்” என்ற சொல்லைக்கூட முழுமையாக எழுத முடியாது. கோப்பை ஏற்றும்போது எழுத்து முறையைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் உள்ளிருக்கும் ஊர்ப்பெயர்களும் கேள்விக்குறிகளாகவும் உடைந்த குறிகளாகவும் சிதறிவிடும்.

பெயர் என்பது இங்கே அலங்காரம் அன்று. இன்ன ஓடை, இன்ன தெய்வத்தின் தோப்பு, இன்னாரைப் புதைத்த மேடு என்று ஆதிவாசி சொல்லும் பெயர்களே அவர் அந்த மண்ணில் வாழ்ந்ததற்குச் சான்று. வீடு, குடிசை, புதைகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றையும் ஊர் முதியோரின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது வன உரிமை விதி. கோப்பின் அட்டவணையில் இவற்றுக்குப் பத்தி இல்லை. இல்லாத பத்தியில் எதையும் நிரப்ப முடியாது. நிரப்பாத ஒன்று திரையில் தோன்றாது.

செயற்கைக்கோளின் கண்

எல்லாவற்றுக்கும் மேலாகச் செயற்கைக்கோள் படம் ஐயத்துக்கு அப்பாற்பட்ட சாட்சியாக நிறுத்தப்படுகிறது. இந்திய வன அளவாய்வு நிறுவனம் தன் அறிக்கைகளுக்கு நீண்டகாலமாகப் பயன்படுத்திவரும் லிஸ்-3 படத்தில் ஒரு புள்ளி தரையில் 23.5 மீட்டர் நீள அகலம் கொண்டது. ஓர் ஏக்கர் நிலம் அதில் ஏறத்தாழ ஏழு புள்ளிகள். ஏழு புள்ளிகளைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரத்துக்குத் தீர்ப்பு எழுத முற்படுகிறார்கள்.

அந்நிறுவனத்தின் வரையறையோ இன்னும் வேடிக்கையானது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கிளைகளின் அடர்த்தி பத்து விழுக்காட்டைத் தாண்டினால், உடைமையாளர் யார், நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று பாராமல் அது வனப்பரப்பு. முதலாளியின் தோட்டமும் இந்தக் கணக்கில் காடாகி நாட்டின் வனப்பரப்பை உயர்த்திக் காட்டும். இலுப்பை மரங்களை வெட்டாமல் காத்து, அவற்றின் நடுவே சிறுதானியம் விதைத்த ஆதிவாசியின் வயலும் காடாகும். ஆனால் அவருக்கு அதுவே குற்றமாகிவிடும். மரத்தை வெட்டியிருந்தால் அழித்தவர் என்று துரத்துவார்கள். காத்ததால் சாகுபடியே செய்யவில்லை என்று துரத்துகிறார்கள்.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. உரிமையைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது என்று 2012இல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவுபடுத்தின. படத்தை மட்டும் வைத்து மனுக்களைத் தள்ளியது செல்லாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2013இல் கூறி, மறுஆய்வுக்கு ஆணையிட்டது. இத்தனைக்குப் பிறகும் மத்தியப் பிரதேசத்தில் நிராகரிக்கப்பட்ட மனுக்களின் மறுஆய்வு 2019இல் வன்மித்ரா என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. அலைபேசிக் கோபுரத்தின் நிழல்கூட விழாத ஊர்களின் மக்கள், தம் மனுக்களை இணையத்தில் மீண்டும் பதிய வேண்டியதாயிற்று.

முதலாளியின் கோப்புக்குச் செங்கம்பளம்

இதே அரசிடம் இன்னொரு வகைக் கோப்பும் வருகிறது. சுரங்கத்துக்கோ அணைக்கோ வன நிலம் கேட்கும் நிறுவனம், பரிவேஷ் என்ற இணையதளத்தில் தான் கேட்கும் பரப்பின் எல்லையைக் கேஎம்எல் கோப்பாக ஏற்ற வேண்டும். அப்பெயரின் முதலெழுத்துக்கு உரிய கீஹோல் நிறுவனம், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் முதலீட்டுப் பிரிவிடமிருந்து நிதி பெற்றது. 2004இல் கூகுள் அதை வாங்கியது. வரைபடக் கருவிகள் யாருடைய தேவைக்காகப் பிறந்தவை என்பதற்கு இதுவே சான்று.

நிறுவனம் துல்லியமான கருவிகளையும் தேர்ந்த அளவையாளர்களையும் கூலிக்கு அமர்த்திக்கொள்ள முடியும். அதன் கோப்பில் பிஆர்ஜே தொலைவதில்லை, எழுத்து உடைவதில்லை. ஆதிவாசிக்கோ, வன, வருவாய் வரைபடங்களைக் கிராம சபைக்கு அளிக்க வேண்டும் என்று உட்கோட்டக் குழுவுக்கு விதி இட்ட கடமைகூட ஏட்டளவில் நிற்கிறது. போதாக்குறைக்கு 2022 ஜூனில் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், வன உரிமையை உறுதிசெய்யும் பொறுப்பை மாநில அரசின் தலையில் தள்ளிவிட்டு, அதற்கு முன்பே ஒன்றிய அரசு இறுதி அனுமதி வழங்க வழிதிறந்தன. நிறுவனத்தின் கோப்பு முதலில் ஏறும். மக்களின் உரிமை பிறகு பார்த்துக்கொள்ளப்படும்.

தேசப் பாதுகாப்பு என்ற போர்வையும் இடத்துக்குத் தக்கவாறு மாறுகிறது. 2016இல் மோடி அரசு வெளியிட்ட நிலவியல் தகவல் ஒழுங்குமுறை வரைவு மசோதா, அனுமதியின்றி வரைபடத் தரவு சேர்ப்போருக்கு ஒரு கோடி ரூபாயிலிருந்து நூறு கோடி வரை தண்டமும் ஏழாண்டுச் சிறையும் விதிக்க முனைந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்களுக்கு முன் அனுமதியே தேவையில்லை என்று அறிவித்தன. ஐந்தே ஆண்டில் எல்லைகள் பாதுகாப்பாகிவிட்டனவா? எல்லைகள் அப்படியே இருந்தன. வரைபடத் தரவு பெரும் சந்தையாகிவிட்டது. கட்டுப்பாடுகளைத் தளர்த்திய அதே கை, ஒரு கிராம சபை தன் காட்டின் எல்லைக் கோப்பைக் கேட்டால் மூடிக்கொள்கிறது.

கருவி மக்கள் கைக்கு வர வேண்டும்

வரைபட மென்பொருளை உடைத்தெறிய வேண்டும் என்று எவரும் கோரவில்லை. குஜராத்தின் நர்மதா மாவட்டத்தில் ஆதிவாசிகள் தாமே ஜிபிஎஸ் கருவியைக் கையில் ஏந்தித் தம் வயல்களைச் சுற்றி நடந்தனர். அந்தத் தடங்களைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் ஏற்றி, தம் சாகுபடியைத் தாமே மெய்ப்பித்தனர். மேற்கூறிய உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. சாதாரணக் கணினியிலும் இயங்குகிறது. நிலத்தை உழுதவர் முன்னால் நடக்க, கருவி அவருக்குப் பின்னால் செல்லும்போது அதே கோப்பு உண்மை பேசுகிறது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. நிராகரிப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஒவ்வொரு கோப்பும் அதன் எல்லாப் பகுதிகளுடனும், எந்தத் தாளிலிருந்து, எந்த அளவை முறையில், எப்போது எடுக்கப்பட்டது என்ற விவரத்துடனும் கிராம சபைக்கு அதன் மொழியில் அளிக்கப்பட வேண்டும். அந்த எல்லையைக் களத்தில், கிராம சபையின் முன்னிலையில் நடந்து சரிபார்க்காமல் எந்த மனுவையும் தள்ளக் கூடாது. செயற்கைக்கோள் படத்தை மட்டும் கொண்டு தள்ளிய மனுக்கள் அனைத்தையும் மீண்டும் திறக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகள் திறந்த வழியை அடைத்து, கிராம சபையின் ஒப்புதலின்றி எந்த நிறுவனத்தின் கோப்புக்கும் அனுமதி இல்லை என்ற நிலையை மீட்க வேண்டும்.

இவை கேட்டுக் கிடைப்பவை அல்ல என்பதை வரலாறு காட்டுகிறது. ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் பன்னிரண்டு கிராம சபைகளும் கூடி வேதாந்தாவின் சுரங்கத்தை நிராகரித்தபோது, டோங்ரியா கோண்டுகள் தம் மலையை மீட்டது எந்தக் கணினித் திரையிலும் அன்று. 2018 மார்ச்சில் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் நாசிக்கிலிருந்து மும்பை வரை ஆறு நாள் நடந்த பல்லாயிரம் பேரில் பெரும்பகுதியினர் ஆதிவாசிகள். செருப்புத் தேய்ந்து பாதம் வெடித்து ஆசாத் மைதானத்தை அடைந்த அவர்கள் முன்வைத்த முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று வன நிலத்தின் உரிமை. நிலுவை மனுக்களை ஆறு மாதத்தில் முடிப்பதாக மகாராஷ்டிர அரசு எழுத்தில் உறுதி தந்தது. அந்த வாக்கு காப்பாற்றப்படாததால் அவர்கள் மீண்டும் மீண்டும் நடக்க வேண்டியிருந்தது. கோப்புகளில் ஏறாத அந்தக் காலடிகள் காட்டின் எல்லையைத் தெளிவாகவே வரைந்திருக்கின்றன. அதை ஏற்க வைக்கும் போராட்டத்தை ஒவ்வொரு கிராம சபையிலும் தொடங்குவோம்.