பதினைந்து பேரும் ஒரு பெட்டியும்

மூக்கண்டப்பள்ளி என்ற பெயரை நம் நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஓசூரை விட்டுப் பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், கர்நாடக எல்லைக்கு இப்பால், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கிற ஊர் அது. ஒரு காலத்தில் தனிப் பஞ்சாயத்து. இன்று ஓசூர் மாநகராட்சியில் ஐக்கியமாகிவிட்டது. தொழிற்சாலைகளை நம்பி நாலா திசையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே வரிசை வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். முதல் வீட்டில் தருமபுரித் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்ததில் கன்னடம், கடைசி வீட்டில் இந்தி. தண்ணீர்க் குழாய் மட்டும் பொது!

இப்படிப்பட்ட இடத்தில் 15 பெண்களைக் கூட்டி, "இன்று முதல் நீங்கள் ஒரு குழு" என்று சொன்னால் என்ன ஆகும்? கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் நுழைந்தால் என்ன ஆகுமோ, அதுதான். முதல் நாள், "நீங்களே சொல்லுங்கள் அக்கா", "ஐயையோ, நீங்கள் இருக்கும்போது நானா?" என்று ஏகப்பட்ட மரியாதை. நாலாவது நாள், சாம்பாரில் உப்பை இரண்டாந்தடவை போட்டது யார் என்று விசாரணை.

இது நம் ஊர்க் குணம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. புரூஸ் டக்மன் என்று ஓர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர். குழுக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய 50 கட்டுரைகளைப் படித்துவிட்டு, 1965-ல் ஒரு விஷயத்தைச் சொன்னார். எந்தக் குழுவும் நாலு படிகளைத் தாண்டுகிறதாம். ஆங்கிலத்தில் அந்த நாலு சொற்களும் ஒரே சந்தமாக ஒலிக்கும். நாம் மோனையோடு சொல்லிவிடலாம்: கூடுவது, குமுறுவது, கட்டுப்படுவது, காரியம் செய்வது. இரண்டாவது படியைக் கவனியுங்கள். அது விபத்து அல்ல, படிகளில் ஒன்று!

அமெரிக்கர் சொன்னது இருக்கட்டும். இந்த ஓசூர்ப் பக்கத்துச் சரித்திரமே இதற்கு நல்ல சாட்சி. எண்பதுகளின் தொடக்கத்தில், பெங்களூரிலிருந்து வேலை செய்யும் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை நடத்திப் பார்த்தது. தலைவரின் கை ஓங்கியது, சங்கங்கள் உடைந்தன. ஆனால் ஓர் அதிசயம். வாங்கிய கடனைக் கட்ட வேண்டும் என்று சிலர் சின்னச் சின்னக் கூட்டமாக வந்து நின்றார்கள். செத்துப்போன சங்கத்தில் எப்படிக் கட்டுவது? உங்கள் கூட்டத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். அந்தக் கூட்டங்களை எந்த அதிகாரியும் சேர்க்கவில்லை. ஒருவரையொருவர் நம்பியவர்கள் தாங்களே சேர்ந்திருந்தார்கள். 1986-87-க்குள் ஏறக்குறைய 300 குழுக்கள். 1987-ல் நபார்டு வங்கி இந்த முயற்சிக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்தது. 1989-ல் தமிழக அரசு, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு மகளிர் குழுக்களைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஜில்லா தருமபுரி. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று.

சரி, குமுறல் எங்கே வருகிறது? பணத்தில்தான், வேறெங்கே! வாரம் ஐந்தும் பத்துமாகச் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் ஆனதும் மூன்று பேர் கடன் கேட்பார்கள். ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம். ஒருத்திக்கு மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு. ஒருத்திக்குத் தங்கை வளைகாப்பு. யாருக்குக் கொடுப்பது? சர்க்கார் பணம் என்றால் அதிகாரியைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதுவோ தங்கள் பணம். எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தைத் தவிரத் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. சத்தம் போட்டு, அழுது, ஒரு வாரம் பேசாமல் இருந்து, கடைசியில் வைத்தியச் செலவு முதலில், விசேஷம் பிறகு என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அடுத்த தடவை அதுவே விதி. மேலேயிருந்து அச்சடித்து வரும் எந்த விதிக்கும் இந்த மதிப்புக் கிடையாது.

இப்படித்தான் மற்ற ஏற்பாடுகளும் பிறக்கின்றன. பல குழுக்களில் பெட்டி ஒருத்தி வீட்டில், சாவி இன்னொருத்தியிடம். கணக்கை எல்லார் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். எழுதத் தெரியாதவளுக்கும் எண்ணத் தெரியும் அல்லவா? கூட்டத்துக்கு நேரம் கழித்து வந்தால் அபராதம். அந்த அபராதத்தை முதன்முதலில் கட்டியவள் தலைவியாகவே இருந்துவிட்டால், அந்தக் குழு பிழைத்தது என்று நான் எழுதிக் கொடுப்பேன்.

குழுவில் 20 பேருக்கு மேல் கூடாது என்பதற்குக் காரணம் 1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். அதற்கு மேற்பட்டவர்கள் லாபத்துக்காகச் சேர்ந்தால் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்லிற்று. சட்டம் எதை நினைத்து எழுதினார்களோ, முகம் பார்த்துச் சண்டை போடவும் 20 பேர்தான் அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. குழு தொடங்கி ஆறு மாதம் ஆன பிறகே வங்கி கடன் கொடுக்கும் என்பதும் ஒரு வழக்கம். அந்த ஆறு மாதம் சேமிப்புக்கு மட்டுமா? குமுறி அடங்குவதற்கும்தான்.

அடங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஓசூரில் சாட்சி உண்டு. தொண்ணூறுகளில் மைராடாவின் துணையோடு குழுப் பெண்கள் 'மெடோ' என்ற தொழில் அமைப்பில் சேர்ந்து, டைட்டன் கடிகாரங்களின் உலோகப் பட்டைக்குக் கண்ணி கோக்கும் வேலையைச் செய்தார்கள். ஒருத்தி கோத்தது தவறினால் எல்லார் பெயரும் கெடும் வேலை அது.

இப்போது எனக்குள்ள கவலையைச் சொல்கிறேன். சிறு கடன் கம்பெனிக்காரர் தெருவுக்கு வருகிறார். அரை மணியில் பத்துப் பேர். ஆதார் அட்டை, கையெழுத்து, போட்டோ. அதற்கும் குழு என்றுதான் பெயர். சேமிப்பு இல்லை, பெட்டி இல்லை, சண்டையும் இல்லை. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழும் என்பது ஒன்றுதான் உறவு. குமுறல் வராமலா போகும்? வரும், ஆனால் வசூல்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, ஊர் பார்க்க வரும். ஆந்திராவில் 2010-ல் இந்தக் கொடுமை முற்றி அரசு அவசரச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டிலும் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் சட்டம் வந்திருக்கிறது. வசூல்காரரின் கையைச் சட்டம் பிடிக்கலாம். முகந்தெரியாத பத்துப் பேரை ஆறு மாதம் பழகியவர்களாக மாற்ற எந்தச் சட்டத்தாலும் ஆகாது.

டக்மன் 1977-ல், மேரி ஆன் ஜென்சன் என்பவரோடு சேர்ந்து, ஐந்தாவதாக ஒரு படியைச் சேர்த்தார்: கலைவது. மோனை அதற்கும் பொருந்துகிறது! நம் மகளிர் குழுக்களும் சில சமயம் பெட்டியைத் திறந்து, அவரவர் பங்கைப் பிரித்துக்கொண்டு கலைந்துவிடுவது உண்டு. சில மாதம் கழித்து அவர்களிலேயே பத்துப் பேர் சேர்ந்து புது நோட்டுப் புத்தகம் வாங்குவதும் உண்டு. விட்டுப்போன ஐந்து பேர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.