கலங்கல் நீரில் கயிறே கண்

2022 ஜூன் 5. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப்போன சிறுமிகளும் பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயை முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். நிவாரணம் உடனே வந்துவிடுகிறது. மூழ்கியவர்களைத் தேடி முக்குளிப்போரைப் பற்றிய பேச்சுதான் வருவதில்லை.

வெள்ளம் வடிந்த ஆற்றில் கண்ணாடிக் கவசம் இருந்தும் கை தெரியாது. விரல்களால் சேற்றைத் துழாவித்தான் தேட வேண்டும். இடுப்புக் கயிற்றைக் கரையில் ஒருவர் பிடித்திருப்பார். எத்தனை இழுப்பு என்பதே இருவருக்குமான பேச்சு. முள்வேலி, அறுந்த வலை, மணல் அள்ளிய குழி எல்லாம் உள்ளே உண்டு. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தில் முதலையும் சேர்ந்துகொள்ளும்.

இத்தகைய வேலையை உள்ளூர் மீனவரின் துணிச்சலை நம்பி விடுவது நியாயமல்ல. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஸ்கூபா பயிற்சி பெற்ற நிரந்தரக் குழு வேண்டும். உதவிக்கு இறங்கும் மீனவருக்குக் கூலியும் காப்பீடும் எழுத்தில் உறுதியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆணை அதற்கு முன்பே வரட்டும்.